வெயிலும் நீலமும்: வட சென்னையில் கேமராவோடு

(பழைய வண்ணாரப்பேட்டையில், ஒளிப்படம் பழகும் இளைஞர்கள் நடுவே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, இன்றைக்கு நான் பேசுவது பெரும்பாலும் உங்களோடுதான்.

பயண ஒளிப்படக் கலை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பயணப்படம் என்றதும் லடாக், மணாலி, போகமுடிந்தால் சுவிட்சர்லாந்து என்று மனசு ஓடுகிறது. அங்கெல்லாம் போகிறவர்கள் போகட்டும், நல்லது. நான் இன்று உங்களை எண்ணூர் வரைக்கும்தான் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். பீச் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினால் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், அப்புறம் எண்ணூர். இந்த வழித்தடத்துக்குள் ஒரு வாழ்நாளுக்குப் போதுமான படம் இருக்கிறது என்பது என் கட்சி. அந்தப் படம் கிடைக்க வேண்டுமானால் கேமராவை வைத்து விளையாடத் தெரிய வேண்டும். பார்த்த முறையிலேயே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் இமயமலைக்குப் போனாலும் அடுத்தவன் எடுத்த படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருவோம்.

வெளியிலிருந்து கேமராவோடு நம் பக்கம் வருகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். விடியற்காலையில் காசிமேட்டுக்கு வந்து, சிவந்த வானத்துக்கு முன்னால் படகின் கறுப்பு உருவம் ஒன்று எடுப்பார்கள். எண்ணூர்ப் பக்கம் போய்ப் புகைபோக்கி ஒன்று. கேரம் போர்டு ஒன்று, குத்துச்சண்டைக் கையுறை ஒன்று. ‘மெட்ராஸ்’, ‘வடசென்னை’, ‘சார்பட்டா பரம்பரை’ சினிமாக்கள் எல்லாம் வந்தபிறகு இன்னும் அதிகம். அவர்கள் எடுக்கும் படங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. காசிமேட்டில் படகு இருக்கிறது, எண்ணூரில் புகை இருக்கிறது. ஆனால் அந்தப் படங்கள் அவர்கள் மிண்ட் பாலம் ஏறுவதற்கு முன்பே மனசுக்குள் எடுத்து முடித்த படங்கள். இங்கே வந்து சரிபார்த்துக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான். எனக்குக் கவலை அவர்களைப் பற்றி அல்ல. இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளும் நல்ல போன் கையில் வந்ததும் அதே படகையும் அதே புகைபோக்கியையும் எடுக்கப் போகிறார்களே, அதுதான் கவலை.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். 1856 ஜூலை 1-ஆம் தேதி நம் ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறது, நடந்து போனால் பார்த்துவிடலாம். அதே 1856-இல்தான் சென்னையில் ஒளிப்படக் கழகம் தொடங்கியது. அதே ஆண்டுதான் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியை மதராஸ் அரசாங்கம் தன் ஒளிப்படக்காரராக அமர்த்தியது. இங்கே ரயிலும் கேமராவும் ஒன்றாக வளர்ந்தவை என்று இந்த ஆண்டுக் கணக்கை வைத்தே சொல்லிவிடலாம்.

டிரைப் ரயிலில் போகவில்லை, அவர் போன ஊர்களுக்கு அப்போது ரயில் இல்லை. 1857 டிசம்பரில் புறப்பட்டு, மாட்டுவண்டிகளில் பெரிய பெரிய கேமராவையும் ரசாயனத்தையும் ஏற்றிக்கொண்டு, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். அவருடைய நெகடிவ் மெழுகு ஏற்றிய காகிதம். நம் ஊர் வெயிலில் அந்த மெழுகை வைத்துக்கொண்டு அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல நிறம் அதிகமாக உறைக்கும். அதனால் வானம் எப்போதும் வெறும் வெள்ளையாகவே விழும், மேகமே இருக்காது. டிரைப் என்ன செய்தார்? நெகடிவின் மேல் தூரிகையால் சாயம் பூசி மேகத்தை வரைந்தார். அதைத் தப்பு என்பவர்கள் இன்றும் உண்டு. கருவி தராததைக் கை கொண்டு வந்து சேர்க்கலாமா என்று 1858-லேயே செய்து பார்த்தவர் என்று நான் அவரை மதிக்கிறேன்.

தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தைச் சுற்றி ஓடுகிற கல்வெட்டை அவர் எடுத்த விதம் இன்னும் பெரிது. ஒரு படத்துக்குள் அடங்காத நீளம் அது. சுவரை ஒட்டியே கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். இன்றைக்குப் போனில் ‘பனோரமா’ என்று ஒரு பொத்தானை அமுக்குகிறோமே, அதை அவர் காலால் நடந்து செய்தார். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரவெல்யன் இது வீண் ஆடம்பரம் என்று கருதி அந்த வேலையையே மூடிவிட்டார். டிரைப் அதற்குப் பிறகு ஏறக்குறைய எடுக்கவே இல்லை. ஆனால் அந்தச் சுருள் மிஞ்சியது.

அதை நீங்கள் இங்கே செய்யலாம். அமெரிக்காவில் எட் ரூஷே என்ற ஓவியர் 1966-இல் சன்செட் ஸ்டிரிப் என்ற சாலையின் இரண்டு பக்கக் கட்டடங்களையும் ஒன்று விடாமல் எடுத்து, மடித்துப் பிரிக்கும் நீளத்தாள் புத்தகமாகப் போட்டார். வண்டியில் கேமராவைப் பொருத்தி ஓட்டிக்கொண்டே எடுத்தது. நம் எம்.சி. ரோட்டை அப்படி எடுத்தால் எப்படி இருக்கும்? தீபாவளிக்கு முந்திய வாரம் வேண்டாம், நகரவே முடியாது. ஒரு ஞாயிறு விடியற்காலை, ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கும்போது ஒரு மீன்பாடி வண்டியின் பின்னால் உட்கார்ந்து முழுத் தெருவையும் ஒரு தடவை. கடை திறந்து, துணியெல்லாம் வெளியே தொங்கும் சாயங்காலம் இன்னொரு தடவை. இரண்டு நீளத்தாளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். இருபது வருஷம் கழித்து அந்தப் படத்துக்கு என்ன மதிப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். இந்தப் பேட்டை யாருடைய உழைப்பில் எழுந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் ஏற்றிய துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் இது. நெய்து வந்த துணி பழுப்பாக இருக்கும். காரத்தில் வேகவைத்து, நீரில் அலசி, திறந்த வெளியில் விரித்து, தண்ணீர் தெளித்துத் தெளித்து வெயிலில் போடுவார்கள். துணியை வெளுப்பாக்கியதில் பாதி வேலை சூரியனுடையது. எந்த நேரத்து வெயில், எவ்வளவு ஈரம், எத்தனை நாள் என்று தெரிந்தவர்கள் அவர்கள். வெளிச்சம் பட்டால் ஒரு பொருள் எப்படி மாறும் என்ற அறிவை வைத்துப் பிழைத்த ஊர் இது. ஒளிப்படம் என்பதும் அந்த அறிவுதான்.

1842-இல் ஜான் ஹெர்ஷல் என்ற வானியல் அறிஞர் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். சயனோடைப் என்று பெயர், நீல அச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேமராவே வேண்டாம். பெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு என்று இரண்டு உப்புகள். தனித்தனியே தண்ணீரில் கரைத்து, சம அளவு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் ஒரு காட்டன் துணியிலோ தாளிலோ பூசி இருட்டில் உலர்த்த வேண்டும். அதன்மேல் ஏதாவது பொருளை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். நம் மாடி வெயிலுக்குப் பத்து நிமிஷம் தாராளம். பிறகு தண்ணீரில் அலசினால், வெளிச்சம் பட்ட இடம் ஆழ்ந்த நீலமாக நிற்கும், பொருள் மறைத்த இடம் வெள்ளையாகும். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி இந்த முறையில் கடற்பாசிகளைப் பதித்து நூல் வெளியிடத் தொடங்கினார். உலகில் ஒளிப்படங்களால் ஆன முதல் நூல் என்று அதைச் சொல்கிறார்கள். ஆக முதல் ஒளிப்பட நூல் கடற்கரையில் ஒதுங்கிய பொருள்களைப் பற்றியது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரை வைத்திருக்கிற நமக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேறு எது? கிழிந்த வலைத்துண்டு, மீன்முள், நண்டு ஓடு, கரை ஒதுங்கும் பிளாஸ்டிக் வளையம், எல்லாவற்றையும் நீலத்தில் பதித்துவிடலாம்.

நீலத்தோடு நிற்காதீர்கள். இங்கேதான் விளையாட்டு ஆரம்பிக்கிறது. அந்த நீலத்துக்குக் காரம் ஆகாது. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் போட்டால் நீலம் மங்கி மஞ்சளாகிக் கரையத் தொடங்கும். அந்த நேரத்தில் எடுத்து நன்றாக அலசி, திக்கான டீத்தண்ணீரில் ஊறவிட்டால் படம் பழுப்பும் கறுப்புமாகத் திரும்பி வரும். டீயில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்து செய்யும் வேலை அது. சலவைச் சோடாவும் டீயும் எங்கே கிடைக்கும் என்று வண்ணாரப்பேட்டைக்காரனிடம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்னொன்று. நம் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர், காரமும் இருக்கலாம். அதில் அலசினால் நீலம் வெளுத்துவிடும். மெட்ரோ வாட்டர் பிடித்து, அதில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து முதல் அலசு அலசுங்கள். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதையும் அந்தப் படம் காட்டிக்கொடுத்துவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சமையல் பாத்திரத்தில் கலக்காதீர்கள், எலுமிச்சையைத் தவிர வேறு அமிலம் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சின்னப் பிள்ளைகள் பெரியவர்கள் துணையோடு செய்யுங்கள்.

சரி, வண்டி ஏறுவோம். ஓடுகிற ரயிலிலிருந்து போனில் படம் எடுத்தால் பக்கத்துக் கம்பங்கள் சாய்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘போன் சரியில்லை’ என்று அழித்துவிடுகிறோம். போனின் கண் முழுப் படத்தையும் ஒரே நொடியில் வாங்குவதில்லை. மேலிருந்து கீழே வரிவரியாக வாசிக்கிறது. மேல் வரியை வாசித்து முடித்துக் கீழ் வரிக்கு வருவதற்குள் கம்பம் கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, அதனால் சாய்கிறது. 1910-களின் தொடக்கத்தில் ஜாக் ஆன்றி லார்டீக் என்ற பிரெஞ்சுப் பையன் கார்ப் பந்தயத்தில் இதே மாதிரி ஒரு படம் எடுத்தான். அவன் கேமராவில் ஷட்டர் திரை ஒரு பிளவாக நகர்ந்து போகும் வகை. ஓடுகிற காரின் பின்னாலேயே கேமராவைத் திருப்பியதால் சக்கரம் முட்டை வடிவமாக முன்னால் சாய்ந்தது, நின்று பார்த்தவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள். காரும் பாதி வெட்டுப்பட்டுப் போனது. கெட்டுப்போன படம் என்று ஓரமாக வைத்துவிட்டான். 1963-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு வயது அறுபதுகளின் கடைசி. இன்றைக்கு வேகம் என்றால் உலகம் நினைவுகூரும் படங்களில் அது ஒன்று.

ஆகவே கொருக்குப்பேட்டை தாண்டும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பங்களைச் சாயவிடுங்கள். போனை நிமிர்த்திப் பிடித்தால் ஒரு மாதிரி, படுக்கையாகப் பிடித்தால் வேறு மாதிரி. வாசலில் தொங்கிக்கொண்டு எடுக்கக் கூடாது, அது வித்தையல்ல, உயிர் போகிற வேலை. மெட்ரோவில் போகிறவர்களுக்கு வேறொரு பாடம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டியபிறகு, வண்டி தண்டையார்பேட்டைச் சுரங்கத்தை விட்டு மேலேறிப் புதுவண்ணாரப்பேட்டை வெயிலுக்குள் வருகிறது. போனின் தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டு, சுரங்க வெளிச்சத்துக்குத் தக்க அளவில் பூட்டிவைத்துவிட்டுப் பாருங்கள். வெளியே வந்ததும் ஜன்னல் முழுக்க வெள்ளை வெள்ளம், உட்கார்ந்திருப்பவரின் முகம் மட்டும் அப்படியே நிற்கும். போனை அதன் போக்கில் விட்டால் இரண்டையும் சமப்படுத்தி, ஒன்றுமே நடக்காததுபோல் ஒரு படம் தரும். இருட்டை இருட்டாகவும் கூச்சத்தைக் கூச்சமாகவும் காட்ட வேண்டுமானால் முடிவை நாம் எடுக்க வேண்டும். இரவை எல்லாம் பகலாக்கிக் காட்டும் ‘நைட் மோடு’ எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

இங்கே பெரியவர்கள் சிலருக்கு ‘இந்து’ பிலிம் நினைவிருக்கும். ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் சரக்கு. ஒரு சுருளுக்கு 36 படம். கல்யாணத்துக்கு இத்தனை, காதுகுத்துக்கு இத்தனை என்று எண்ணி எண்ணி எடுத்த காலம். அன்றைக்கு விளையாடிப் பார்க்க ஆசை இருந்தது, காசு இல்லை. இன்றைக்கு ஆயிரம் தடவை எடுத்துப் பார்த்தாலும் செலவில்லை, ஆனாலும் விளையாடுகிறவர்கள் குறைவு. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பிலிம் இன்னும் கிடைக்கிறது. கிடைத்தால் ஒரு தீப்பெட்டி கேமரா செய்யுங்கள். உள்ளறையின் அடியில் சதுர ஜன்னல் வெட்டி, அதன் பின்னால் பிலிம் ஓடவிட்டு, முன்பக்கம் குளிர்பானக் கேன் தகட்டில் மெல்லிய ஊசியால் துளையிட்டு ஒட்டி, ஓரமெல்லாம் கறுப்பு டேப். துளை கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். லென்ஸ் கிடையாது. நல்ல வெயிலில் ஒரு நொடி இரண்டு நொடி திறந்து மூடினால் படம். விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை பெயரில் ஒரு ரயில்வே ஸ்டேஷன் வைத்திருக்கிற ஊரில் ஒரு தீப்பெட்டியாவது கேமராவாக வேண்டாமா? அதுவும் முடியாது என்றால் ஓர் அறை போதும். ஜன்னலை அட்டையால் முழுக்க மறைத்து, பட்டாணி அளவு ஓட்டை போட்டு, கண் பழகும்வரை காத்திருங்கள். எதிர்ச்சுவரில் உங்கள் தெரு தலைகீழாக ஓடும். ஆட்டோ கூரையில் தொங்கிக்கொண்டு போகும். எதிர்வீட்டு அத்தை தலைகீழாகக் கோலம் போடுவார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவில் இப்னு அல் ஹைதம் ஆராய்ந்தது இதைத்தான்.

எண்ணூருக்கு வந்துவிட்டோம். இங்கே குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன். கொசஸ்தலை ஆறு கடலில் சேருமிடத்தில் சாம்பல் படிந்த கழிமுகம். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து, படகிலும் வலையிலும் அலையாத்தி வேரிலும் படிந்தது. இந்த இடத்தில் சோதனை, விளையாட்டு என்றெல்லாம் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசலாம் என்பதற்கு ஓர் ஆள் இருக்கிறார். எம். பழனிகுமார். மதுரை ஜவகர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன். கழிவகற்றும் தொழிலாளர்களின் வாழ்வைப் படமெடுத்தவர், 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவண ஒளிப்பட விருது பெற்றவர். அவர் வட சென்னைப் பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்து, உங்கள் வீட்டை, உங்கள் அம்மாவை, உங்கள் தெருவை எடுங்கள் என்று கற்றுக்கொடுத்தார். அந்தப் படங்கள் காட்சிக்கும் வந்தன. வேலைக்குப் போய்த் திரும்பும் அம்மாவை மகள் எடுக்கும்போது, எவ்வளவு பெரிய ஒளிப்படக்காரரும் நிற்க முடியாத இடத்தில் கேமரா நிற்கிறது. எங்கே நிற்பது என்பதுதான் எல்லாச் சோதனைகளிலும் பெரிய சோதனை.

அதனால் எண்ணூரில் சில கட்டுப்பாடுகளை நாமே வைத்துக்கொள்வோம். ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவுகிறவரைப் பாலத்து மேலிருந்து எட்டிப் பிடித்து எடுக்காதீர்கள். கரையில் காத்திருந்து, பேசி, கேட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எடுத்த படத்தைக் காகிதத்தில் போட்டு அவர் கையில் கொடுங்கள். சாம்பல் வெளியை எடுக்கும்போது கேமரா அந்த வெள்ளையைச் சாம்பல் நிறமாக மங்கடிக்கும், ஒரு படி வெளிச்சம் கூட்டி எடுங்கள். அப்போதுதான் கண் கூசுகிற அந்த வெள்ளை அப்படியே வரும். துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, மின்நிலைய வாசல்களில் படம் எடுக்கக் கூடாது என்று பலகை இருந்தால் அதை மதித்து நடங்கள். வம்பு உங்களுக்கு மட்டுமல்ல, உங்களைக் கூட்டிப்போன மீனவர் வீட்டுக்கும் சேரும்.

கடைசியாக நம் வெயிலுக்கே வருகிறேன். சூரியன் ஆண்டில் இரண்டு தடவை, ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி, சென்னைக்கு நேர் உச்சியில் வரும். பன்னிரண்டு மணி பத்து நிமிஷம் வாக்கில் நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்குப் பக்கவாட்டில் நிழலே இருக்காது. ராயபுரம் ஸ்டேஷன் தூண்களை அந்த நிமிஷத்தில் எடுத்துப் பாருங்கள். லண்டன்காரனுக்கு ஒருநாளும் கிடைக்காத படம் அது.

இன்னொரு வேலைக்கு நீங்கள் எல்லோரும் வேண்டும். ஒரு தகர டப்பாவுக்குள் கறுப்பு வெள்ளைப் போட்டோ பேப்பரைச் சுருட்டி வைத்து, ஊசித்துளை போட்டு, மழைத் தண்ணீர் புகாமல் ஒட்டி, மாடியில் கிழக்குப் பார்த்து அசையாமல் கட்ட வேண்டும். ஜூன் 21 அன்று துளையைத் திறந்து, டிசம்பர் 21 அன்று மூட வேண்டும். ஆறு மாதமும் ஒரே படம். தினமும் சூரியன் ஏறிய தடம் ஒரு கோடாகப் பதியும். ஐரோப்பாவில் எடுத்த இத்தகைய படங்களில் அந்தக் கோடுகள் வானத்தில் வளைந்து படுத்திருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் கிழக்கு வானில் ஏறக்குறைய நேராக எழும்பும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கோடுகள் விட்டு விட்டு அறுந்திருக்கும், புயல் வந்த நாள்கள் இருட்டாக விழும். தாளை ரசாயனத்தில் போட வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்து தலைகீழ் நிறமாக்கினால் போதும்.

வண்ணாரப்பேட்டையில் ஒன்று, காசிமேட்டில் ஒன்று, திருவொற்றியூர்த் தேரடிப் பக்கம் ஒன்று, கத்திவாக்கத்தில் ஒன்று என்று இந்த வழித்தடம் முழுக்கக் கட்ட ஆசை. டப்பாவும் தாளும் நான் கொண்டுவருகிறேன். அசையாத கைப்பிடிச் சுவரும், ஆறு மாதம் யாரும் கழற்றாமல் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியும் இருக்கிற மாடி வேண்டும். வெளியே போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும் தெருவையும் எழுதிவிட்டுப் போங்கள்.